உனக்கா தச்சிக்கிற?

கூட்டம் பதினோரு மணிக்கு என்றார்கள். பன்னிரண்டரை ஆகியும் தொடங்கவில்லை. நான் பைக்குள்ளிருந்து தங்கூசி நரம்பையும் நீலப் பாசிமணி டப்பாவையும் எடுத்து மடியில் வைத்துக் கோர்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த தோழர் வயதில் மூத்தவர், இயக்கத்துக்காகச் சிறைக்குப் போனவர், என் மரியாதைக்குரியவர். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஏன் தோழர், இந்த நேரத்துல ரெண்டு பக்கம் படிக்கலாமே. இதெல்லாம் பொழுது போகாத வூட்டுப் பொம்பளைங்க செய்யற வேலையாச்சே."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று அவர்தான் முதல் பேச்சாளர். அம்பேத்கரின் கோட்டைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். இடுப்புத் துணிக்கு மேல் எதுவும் கூடாது என்று சொல்லப்பட்ட ஜனத்தின் தலைவன் மூன்று துண்டு சூட்டுப் போட்டுக்கொண்டது எவ்வளவு பெரிய கலகம் என்று விளக்கினார். கைதட்டினோம், நானும் தட்டினேன். தட்டும்போது மடியிலிருந்த மணிகள் நாலைந்து கீழே கொட்டிவிட்டன. அவருடைய பேச்சுக்கும் என் மடியில் கிடந்த மணிக்கும் சம்பந்தம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அங்கே சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு பைத்தியங்கள். ஒன்று பாசிமணி. இன்னொன்று என் துணியை நானே வெட்டித் தைத்துக்கொள்வது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. சாயங்காலம் வந்து சோறாக்கி வைத்த பிறகு ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமையில் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். தையலை யாரும் சொல்லித் தரவில்லை. பழைய ரவிக்கை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்து, துண்டுகளைத் தரையில் பரப்பி வைத்து, எது எதோடு சேர்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கிராஸ் கட் என்பது என்ன, துணியைக் குறுக்குச் சாய்வில் வெட்டினால் அது ஏன் உடம்போடு ஒட்டி வருகிறது என்று புரிந்த அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம், பி.எட். பாஸ் பண்ணினபோதுகூட வரவில்லை. மணி வேலையும் அப்படித்தான். நரம்பின் நடுவில் நாலு மணி கோர்த்து, மறுமுனையை நாலாவது மணிக்குள் எதிர்ப்பக்கமாக விட்டு இழுத்தால் ஒரு கட்டம். அடுத்த கட்டத்துக்கு மூணே மணி போதும், ஒன்றுதான் ஏற்கெனவே இருக்கிறதே. இப்படி ஒன்றுக்கொன்று தோள் கொடுத்து மாலை வளரும். ரவிக்கைக் கழுத்தில் பூ வேலை வேண்டுமென்றால் டிரேசிங் பேப்பரில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் பொத்தல் போட்டு, நீலப் பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் தேய்த்தால் துணியில் புள்ளி புள்ளியாகப் படம் இறங்கும். அந்தப் புள்ளிகள் மேல் மணியை வைத்துத் தைத்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

இதில் என்ன அரசியல்? ஒன்றும் இல்லை என்றே முதலில் சொல்லிப் பார்க்கிறேன். எனக்குப் பிடித்திருக்கிறது, செய்கிறேன். ஆனால் அந்த வாக்கியத்தை ஒரு சேரிப் பெண் சொன்னால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள் என்பதுதான் அரசியல்.

என் அம்மா ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள். அப்பர் தைக்கிற பிரிவு. தோலின் ஓரத்தைச் சீவி, பசை தடவி, மடித்து, மிஷினில் ஓட்ட வேண்டும். ஷிப்மென்ட் நெருங்கினால் ராத்திரி பத்து மணிவரை நிறுத்திக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்தால் அவள் கையில் பசை வாடை. சோற்றுப் பருக்கையில் அந்த வாடையோடுதான் நாங்கள் வளர்ந்தோம். அவள் தைத்த ஷூ எந்த ஊரில், எந்தக் காலில் நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. அவள் காலில் எப்போதும் ரப்பர் செருப்புதான். நான் முதன்முதலில் எனக்கென்று ஒரு சுடிதார் தைத்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நின்று கேட்டாள்.

"யாருதுடி இது? இன்னா கூலி பேசின?"

"கூலி இல்லம்மா. எனக்குத்தான்."

"உனக்கா தச்சிக்கிற?"

அதில் கோபமில்லை, கேலியுமில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். ஊசி பிடித்த கை வேறொருவருக்காகத்தான் அசையும் என்பது பதினெட்டு வருஷத்தில் அவள் உடம்பில் ஏறிப்போயிருந்தது. பதினெட்டு வருஷம் என்றா சொன்னேன்? அதற்கு முன்னால் எத்தனை தலைமுறை!

என் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து அந்தக் காலத்தில் கூட்டம் கூட்டமாகப் போனார்களே, அவர்களில் ஒருத்தர். ஊரில் பண்ணைக்காரனிடம் குனிந்து நின்ற ஜனம், பூமிக்கடியில் உயிரைப் பணயம் வைத்தாலும் மேலே வந்தால் சட்டை போட்டுக்கொண்டு நடந்தது. ஒரு தடவை ஊருக்கு வந்த தாத்தா ஆயாவுக்கு ஒரு ரவிக்கைத் துணி வாங்கி, அங்கேயே தைத்து எடுத்துவந்தார். ஊதாப்பூ போட்ட துணி. ஆயா அதைப் போட்டுக்கொண்டு நடவுக்குப் போனாள். பண்ணைக்கார அம்மா வரப்பில் நின்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டாளாம்: "என்னாடி, தங்கவயல்காரன் பொண்டாட்டிக்கு மேல குளுருதா?" நடவு நட்ட பெண்களெல்லாம் சிரித்தார்களாம். சிரிக்காவிட்டால் மறுநாள் வேலை கிடைக்காதே! ஆயா சாயங்காலம் வந்து அதைக் கழற்றி அடுக்குப் பானையின் அடியில் வைத்தவள்தான். சாகும்வரை ரவிக்கை போட்டுக்கொள்ளவில்லை. நான் தைக்கப் பழகின பிறகு அவளுக்கு ஒன்று தைத்துக்கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "இறுக்குது பாப்பா, வோணாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அளவு சரியாகத்தான் இருந்தது.

ஆயாவின் கதையைத் தனிக் கதையாகப் பார்க்க முடியாது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். தங்க நகை, வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக்கூடாது. பூ வைக்கக்கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளை போயின. அடுத்த வருஷமே எட்டுத் தடை பதினொன்றாயிற்று. இந்தப் பட்டியலை ஒரு தையல்காரி கண்ணோடு படித்துப் பாருங்கள். நிலம், கூலி, கிணறு இவற்றுக்குச் சமமாக ஒரு முழத் துணிக்கும் ஒரு குண்டுமணி நகைக்கும் பயந்திருக்கிறான்.

இதற்கு ஒன்பது வருஷம் முன்னால், 1921 செப்டம்பரில், பக்கத்திலேயே மதுரையில் காந்தி மேலாடையைத் துறந்து அரைத் துணிக்கு மாறினார். துறவு என்று நாடே கும்பிட்டது. சட்டை வைத்திருந்தவன் கழற்றினால் மகாத்மா, கழற்றவே முடியாதபடி பிறந்தவன் சட்டை போட்டால் குடிசைக்குத் தீ! ராட்டையில் நூல் நூற்பதும் கையால் செய்வதன் புனிதமும் எனக்கு ஒட்டாமல் போனதற்கு இதுதான் காரணம். கையால் வேலை செய்வது புனிதம் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கையால் மட்டுமே செய்துவந்த ஜனம் நாம்.

அதனால் "மரபு", "பாரம்பரியக் கைவினை" என்று பேசுகிறவர்களோடும் என்னால் சேர முடியவில்லை. பாசிமணி எங்கள் பாரம்பரியம் என்று நான் சொல்லமாட்டேன். திருவிதாங்கூரில் புலையப் பெண்கள் கழுத்தில் கல்லுமாலை போட்டே ஆக வேண்டும் என்று சாதி விதித்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தாலே இன்ன சாதி என்று தெரிவதற்கான அடையாளம் அது, கழுத்தில் மாட்டின பட்டை. 1915இல் அய்யன்காளியின் அழைப்பில் கொல்லம் பக்கம் பெரிநாட்டில் அதை எதிர்த்துக் கிளம்பினார்கள். கலவரம் வெடித்தது, அடிதடி, தீவைப்பு. கடைசியில் கொல்லத்தில் கூடின கூட்டத்தில் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கல்லுமாலையை அறுத்துப் போட்டார்கள். மாலைகள் குவியலாகக் கிடந்தன. அம்பேத்கரும் 1927 டிசம்பரில், மனுஸ்மிருதியை எரித்த அதே மகாட் மாநாட்டில், பெண்களைத் தனியாகக் கூட்டி இதைத்தான் பேசினார். சேலை கட்டும் விதத்தை மாற்றுங்கள், தீண்டாதவள் என்று காட்டிக்கொடுக்கிற வெள்ளி, தகர வளையல்களையும் கழுத்துக் குவியலையும் கழற்றுங்கள் என்றார். மணி கோர்த்துக்கொண்டிருக்கும்போது அந்தக் குவியலை நினைப்பேன். அவர்கள் அறுத்ததும் மணிதான், நான் கோர்ப்பதும் மணிதான். அவர்கள் அறுத்ததால்தான் என்னால் இன்றைக்கு இஷ்டப்பட்டுக் கோர்க்க முடிகிறது, இஷ்டமில்லாத அன்று தூக்கிப் பரண்மேல் போட முடிகிறது. பரண்மேல் போட முடியாத மாலை நகை ஆகாது.

நாஞ்சில் நாட்டுத் தோள்சீலைப் போராட்டம் நாடார் பெண்களுடையது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 1859 ஜூலை 26ஆம் தேதி திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்து மார்பை மறைக்க அனுமதி தந்தபோது, முரட்டுத் துணியால் மறைக்கலாம், எப்படி வேண்டுமானாலும் மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல் மட்டும் கூடாது என்றது. துணியைக் கொடுத்துவிட்டுப் பாணியை மட்டும் பிடித்துக்கொண்டான்! வெறும் மானத்தை மறைக்கத் துணி போதும். ஆனால் கழுத்து எத்தனை அகலம், கை எத்தனை நீளம், ஓரத்தில் எந்த நிறம் என்று முடிவு செய்கிற உரிமை இருக்கிறதே, அது வேறு விஷயம். அதைத்தான் அவர்கள் தரத் தயாராக இல்லை.

இனி நம் நண்பர்களிடம் வருகிறேன். என் மணி வேலையைப் பார்க்கிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகை அந்தத் தோழர் மாதிரி. கூட்டம் முடிந்த ராத்திரியில் ஆண் தோழர்கள் விடிய விடியக் கேரம் ஆடுவார்கள், கிரிக்கெட் பார்ப்பார்கள். அது 'ரிலாக்ஸ்'. யாரும் ரெண்டு பக்கம் படியுங்கள் என்று சொல்வதில்லை. பெண் கையில் ஊசி இருந்தால் மட்டும் அது பின்தங்கிய வேலை. இதைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் அவர்களுக்கே தெரியும்.

இரண்டாவது வகைதான் எனக்குச் சங்கடம். நல்லவர்கள். நகரத்துத் தொண்டு நிறுவனத்து அம்மையார் ஒருவர் என் மாலையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு அழகு! நீங்க ஒரு குழு ஆரம்பிச்சு இதை மார்க்கெட் பண்ணலாமே, உங்க பெண்களுக்கு வாழ்வாதாரமா இருக்குமே" என்றார். நான் சம்பளம் வாங்குகிற வாத்தியார் என்று தெரிந்தும் சொன்னார். அவர் வீட்டுச் சோபாவில் அவரே பின்னிய குரோஷா விரிப்பு கிடந்தது. அதை ஏன் விற்கவில்லை என்று அவரை யாராவது கேட்டிருப்பார்களா? அவர் செய்தால் கலை, நான் செய்தால் தொழில் வாய்ப்பு. நம் பெண்கள் கையில் ஊசியைப் பார்த்தால் உடனே ஒரு திட்டம் ஞாபகம் வந்துவிடுகிறது. அரசாங்கம் ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் மிஷின் தருகிற திட்டத்துக்குச் சத்தியவாணி முத்து அம்மையாரின் பேரை வைத்திருக்கிறார்கள். 1974இல் தாழ்த்தப்பட்டவர்களுக்காகக் கட்சியையே உதறி வெளியே வந்து தனிக் கட்சி கண்ட பெண்மணியின் பேர் கடைசியில் தையல் மிஷின் மேல் வந்து நிற்கிறது. மிஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த மிஷினால் பிழைத்த குடும்பங்களை என் தெருவிலேயே காட்ட முடியும். ஆனால் அதில் ஒரு பெண் தனக்கென்று ஒரு பாவாடை தைத்துக்கொண்டால் அது திட்டத்தின் எந்தக் கணக்கில் வரும்?

"கையால் செய்தது" என்று இப்போது அட்டை கட்டித் தொங்கவிட்டால் விலை ஏறுகிறது. கண்காட்சிகளில் பார்க்கிறேன். எட்டாவது படிக்கையில் கைவேலை வகுப்பில் நான் ஓரம் தைத்துக் கொண்டுபோன கைக்குட்டையை டீச்சர் கையால் தொடவில்லை. ஸ்கேலால் புரட்டிப் பார்த்துவிட்டு, "ம், பரவால்ல" என்றார். மற்ற பிள்ளைகளுடையதைக் கையில் எடுத்துத் தூக்கிக் காட்டினார். பரவாயில்லை என்றுதான் மார்க்கும் போட்டார், குறைக்கவில்லை. அந்தக் கைக்குட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. தையல் இப்போது பார்த்தாலும் நேராகத்தான் இருக்கிறது.

என் பக்கத்துக் குறையையும் சொல்லிவிட வேண்டும். நான் மணி வாங்குவது பெரும்பாலும் பஸ் நிலையத்தில், ஊசிமணி பாசிமணி விற்கிற நரிக்குறவப் பெண்ணிடம். முதல் தடவை அவள் என்னை "சாமி" என்று கூப்பிட்டாள். எனக்கு உடம்பு கூசியது. என் ஆயா அந்த வார்த்தையை யார் யாரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றவள்! "அக்கான்னு கூப்பிடு" என்றேன். "சரி சாமி" என்றாள். எனக்குப் பொழுதுபோக்காக இருக்கிற கோர்ப்பு அவளுக்கு ராத்திரிச் சோறு. நான் ஒரு மாதம் இழுத்துக்கொண்டிருக்கிற மாலையை அவள் பேசிக்கொண்டே கால்மணி நேரத்தில் முடித்து, நான் கேட்ட விலையில் பாதிக்குக் கொடுத்துவிடுவாள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க 2023 ஜனவரிவரை ஆயிற்று. அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியெடுத்த காலத்திலிருந்து கண்ணாடி மணிகளைக் காட்டி, கீழடியில் கிடைத்த சூதுபவள மணியைக் காட்டி, ஆதித் தமிழன் கைத்திறனைப் பார் என்று மேடை மேடையாகப் பூரிக்கிறோம். பஸ் நிலையத்தில் அதே மணியை விற்கிறவளைப் போலீஸ்காரர் லத்தியால் தரையைத் தட்டி எழுப்புகிறார். செத்துப்போன கைக்குத்தான் மரியாதை. என் தெருவில் ஆரி வேலை செய்கிற பெண்களின் நிலைமையும் இதுதான். கல்யாண ரவிக்கை ஒன்றுக்குக் கடைக்காரர் ஆயிரங்களில் வாங்குவார், கண் நோகத் தைத்தவளுக்கு நூறுகளில் வரும். அவர்களுக்கு என் கட்டுரை எந்த விதத்திலும் பதிலில்லை. கூலிக்குச் சண்டை போட வேண்டும், சங்கம் வேண்டும், அதில் நானும் நிற்பேன். ஆனால் கூலி உயர்ந்த பிறகு அவள் என்ன செய்வாள்? ஒரு மணி நேரம் மிச்சமானால் அந்த நேரம் யாருடையது? போராட்டம் எதற்கு என்று மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறோமே, அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி ஏன் பேச மாட்டேன் என்கிறோம்?

எட்டு மணி நேர வேலை கேட்டவர்கள் மிச்ச நேரத்தில் துண்டறிக்கை மட்டுமா எழுத நினைத்தார்கள்?

தோழருக்கு இதையெல்லாம் ஒருநாள் டீக்கடையில் சொன்னேன். முழுசாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரிதான் தோழர், ஆனா அந்த கோட்டு வேற, இது வேற" என்றார். எப்படி வேறு என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இந்த இதழில் எழுதினாலும் சரி.

அம்மா வேலையை விட்டு ஆறு வருஷமாகிறது. போன மழைக்காலத்தில் கரண்ட் இல்லாத ஒரு சாயங்காலம், மெழுகுவத்தி வெளிச்சத்தில் என் மணி டப்பாவை இழுத்து வைத்துக்கொண்டு கோர்க்க ஆரம்பித்தாள். விரல் மரத்துப்போயிருக்கிறது, பசையும் தோலும் தின்ற விரல். மணி நழுவிக்கொண்டே இருந்தது. நாலு வருகிற இடத்தில் ஐந்து, மூணு வருகிற இடத்தில் இரண்டு. கம்பெனியில் இப்படித் தைத்திருந்தால் சூப்பர்வைசர் மூஞ்சியில் விட்டெறிந்திருப்பான். நான் திருத்தப் போனேன். "உட்றி. யாரு பாக்கப் போறாங்க" என்றாள். கோணல்மாணலாக ஒரு சாண் வந்தது. அதைச் சாமிப் படத்துக்குப் போடுவாள் என்று நினைத்தேன். கையில் வளையல் மாதிரி கட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு கேட்கிறாள், நீலத் துணியில் அவளுக்கு ஒரு ரவிக்கை வேண்டுமாம். கட்பீஸ் கடைக்கு அவளே வந்து நிறம் பார்த்தாள், மூன்று நீலத்தை ஒதுக்கி நாலாவதை எடுத்தாள். "கையில ரெண்டு வரிசை மணி போதும். முதுகுல வோணாம், சாஞ்சா குத்தும்" என்று உத்தரவு. ஏப்ரல் பதினாலு ஊர்வலத்துக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டுமாம். ஒரு கை முடிந்திருக்கிறது. இன்னொரு கையில் ஒரு வரிசைதான் ஆகியிருக்கிறது, கொக்கியும் வைக்கவில்லை. ஆசிரியர் கட்டுரையைப் பத்தாம் தேதிக்குள் கேட்டிருந்தார். இந்த வாரம் முழுக்கக் கட்டுரைதான் முந்திக்கொண்டது. அம்மா இரண்டு நாளாக மிஷின் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள்.